ஒரு கண்ணை மூடச் சொல்லி விற்ற பைனாகுலர்

பழைய சாமான் விற்கிறவனுக்குச் சரக்கு பாதி, சத்தம் பாதி. திண்டுக்கல்லில் நான் கத்தியே கடை வளர்த்தவன். கல்லாவில் உட்கார்ந்து தொண்டை கிழிந்த சகோதரர்களே, படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். அதில் உங்கள் பங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் கூரையில் சண்டை

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் மூன்று பைனாகுலர் எடுத்தேன். ஒன்று விளையாட்டுச் சாமான். ஒன்று கழுத்தை ஒடிக்கிற கனம். நடுவிலுள்ளதுதான் பறவை பார்க்கத் தோது, விலையும் நடுத்தரம். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது, கூரையிலிருந்து மூட்டை இறக்கியவரோடு கூலித் தகராறு. அவர் கையிலிருந்த பையை வெடுக்கென்று இழுத்தேன். விழுந்தது. உள்ளே இருந்தது அந்த நடுத்தரம்தான்.

“கூலியில மிச்சம் பிடிச்சு, சாமான்ல விட்டுட்டீங்களே மொதலாளி!”

எரியோட்டுக்காரர்

வெளியே ஒரு கீறல் இல்லை. சோளக்காட்டில் இறங்கும் கிளிகளை வீட்டிலிருந்தே கவனிக்க ஒன்று வேண்டுமென்று எரியோட்டு விவசாயி ஒருவர் வந்தார். கடை வாசலில் நிறுத்தி மலைக்கோட்டையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், தலையை உதறினார், மறுபடி பார்த்தார். வாங்கி நானும் பார்த்தேன். விழுந்த வேகத்தில் உள்ளே கண்ணாடி நகர்ந்து, இரண்டு குழலும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. அவர் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

“ஏப்பா கடைக்காரரே, கள்ளுக்கடைய மூடிட்டாங்கன்னு கவலப்பட்டனே, இதுல பாத்தாலே எல்லாம் ரெண்டாத் தெரியுதே!”

டிராயிங் வாத்தியார்

அடுத்து வந்தவர் சாணார்பட்டிப் பக்கத்து டிராயிங் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பறவை வரைகிறவர். “பெருசு வேணாம்ணே, கை ஆடும். நடுவுல உள்ளதக் குடுங்க” என்றார். விஷயம் தெரிந்த ஆள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். முகம் மலர்ந்தது. மறு கண்ணையும் திறந்தார். “கோட்டை ரெண்டாத் தெரியுதேண்ணே?”

எனக்கு வந்ததே கோபம்! “திண்டுக்கல்லுல எத்தன கோட்டைய்யா இருக்கு? கண்ணுல கோளாற வச்சுக்கிட்டு என் சரக்கக் கொற சொல்ல வந்துட்டீரா?” தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அவசர அவசரமாகப் பணத்தை எண்ணி வைத்தார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே, கண்ணத்தான் காட்டணும் போல.”

கண்மாய்க் கரை

மறு வருஷம் பித்தளைச் சாமான் விலை பேச சாணார்பட்டி போனேன். கரையில் வாத்தியார், ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாரை பார்த்துக்கொண்டிருந்தார். வரைகிற நோட்டைக் காணோம். “நிறுத்திட்டேண்ணே. கண்ணு கெட்டவன் வரஞ்சா இறகுக் கணக்கே தப்பாப் போயிருமே” என்றார். டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“மதுர டாக்டர் கண்ணு நல்லாருக்குன்னுதான் சொன்னாரு, நீங்க அம்புட்டு அடிச்சுச் சொன்னப்புறம் அவர எப்படிண்ணே நம்புறது?”

நல்ல சரக்கு

பழுதில்லாத நடுத்தரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கரைக்குக் கொண்டுபோனேன். பதமாகச் சொல்லத்தான் நினைத்தேன். என் தொண்டைக்கு ஒரே சுருதி. “ஒம்ம கண்ணுல ஒண்ணுமில்லய்யா! சாமான்தான் பழுது, தெரிஞ்சேதான் வித்தேன்! இந்தாரும், ரெண்டு கண்ணையும் தெறந்து பாரும்!” நாரையெல்லாம் பறந்துவிட்டது. வாத்தியார் புதியதை மெதுவாக வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடித்தார்.

“போன தடவையும் இதே சத்தத்துலதாண்ணே சொன்னீங்க.”

பைனாகுலர் வாங்கப் போகிறவர்களே, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள், கடைக்காரன் கத்தினால் இறங்கிப் போய்விடுங்கள்.