செல்லமுத்துவின் ஐந்தாவது தீமிதி

திருக்கோவிலூர்ப் பக்கம் செல்லமுத்து யாரென்று கேட்டால், பெண்டாட்டிக்காக நெருப்பில் நடந்த ஆள் என்பார்கள். குத்தகை நிலத்தில் மாடாய் உழைக்கிறவர், சொன்ன சொல் தவறாதவர். ஐந்து வருஷத்துக்கு முன் ராஜாம்பாளுக்கு மார்பில் புற்றுநோய் என்று இடப்பக்கத்தை எடுத்தார்கள். அவள் பிழைத்தால் ஐந்து வருஷம் தீ மிதிப்பதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். அவரும் ஒரு வருஷம்கூட விடவில்லை. ஊரே மெச்சியதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆஸ்பத்திரியிலும் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நோய் போய்விட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது, வருஷம் தவறாமல் வந்து மற்ற மார்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நாலு வருஷம் ஒழுங்காகப் போனார்கள். ஐந்தாவது வருஷத் தேதி ஆடியில் வந்து விழுந்தது. அதற்கு நாலு நாள் முன்பு, சோறு போட்டுக்கொண்டே ராஜாம்பாள் சொன்னாள்:

"வலப்பக்கம் கடலக்கொட்ட மாரி இன்னாவோ தட்டுப்படுது."

செல்லமுத்து தன் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். காப்புக் கட்டியவர் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. புதுச்சேரி ஆஸ்பத்திரி என்றால் இரண்டு நாளாகும்.

"காப்பு கட்டிக்கினு எப்படி வர்றது? தீமிதி முடியட்டும். ஆத்தா பாத்துக்குவா."

உன் தங்கச்சியைத் துணைக்குக் கூட்டிப் போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. தீமிதி முடிந்தது. நடவு வந்தது, மழை வந்தது, அறுப்பு வந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. அது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று.

கட்டி நெல்லிக்காய் அளவு ஆன பிறகு, தையில்தான் போனார்கள். தொட்டுப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எப்ப இருந்து இருக்கு?"

"போன வாரந்தாங்க தெரிஞ்சுது" என்றாள் ராஜாம்பாள், பட்டென்று.

செல்லமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம்.

"இல்லீங்கம்மா, ஆடியிலயே சொல்லுச்சு. நாந்தான் இட்டுக்கினு வரல."

டாக்டரம்மா "ஆறு மாதம்" என்று எழுதிக்கொண்டு, சதை எடுத்துப் பரிசோதிக்கச் சீட்டுக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது செல்லமுத்துவுக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏம்மே பொய் சொன்ன?"

"எல்லார் எதிர்லயும் உன்ன ஏசுவாங்களே."

"அப்பவே சண்ட போட்டு என்ன இழுத்துக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

ராஜாம்பாள் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காவ நெருப்புல நடக்கற ஆளுகிட்ட, எனக்காவ இன்னொண்ணும் செய்யின்னு எந்த வாயால கேக்கறது?"