பதினோராம் ஆணி

மூன்று வயது ஷெரினை எந்தப் பள்ளியில் விடுவது என்று லவினாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறினால், பெங்களூரில் வேலை முடிந்து விளக்கு வைத்த பிறகுதான் வீடு. புருஷன் ஓசூரில், சனிக்கிழமைதான் வருவான். மத்தியானம் பிள்ளையைக் கூட்டிவர மாமனார் சிரிலை விட்டால் ஆளில்லை.

முதலில் பார்த்தது பெரிய பள்ளி. சுவரெல்லாம் பொம்மை, கேட்டில் வாட்ச்மேன். இவள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருத்தி வந்து, "சித்திங்க" என்றாள். ஆயா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அனுப்பிவிட்டாள். நிஜமாகவே சித்தியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாமே! லவினா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அடுத்தது பாக்கியவதி டீச்சர் தன் வீட்டு முன்னறையில் நடத்துவது. ஷெரின் சேர்ந்தால் பதினாலு பிள்ளைகள். சுவரில் ஒரு பலகை, அதில் ஆணிக்கொரு நம்பர் போட்ட பித்தளை வில்லை.

"எங்கப்பா மைன்ஸ்ல இருந்தப்ப இப்படித்தான். ஷாப்ட்ல கேஜ் ஏறி சுரங்கத்துக்குள்ள போறவங்க டோக்கன் எடுத்துகினு போவாங்க. அது ஆணிக்குத் திரும்பி வந்தாதான் ஆளு மேல வந்தாச்சுன்னு அர்த்தம். காலையில உங்க கையில ஒண்ணு குடுப்பேன். மத்தியானம் அந்த டோக்கன கொண்டாந்தாதான் பாப்பா. ஏசுவே வந்து கேட்டாலும் சும்மா தரமாட்டேன்."

லவினா அங்கேயே பெயர் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் தானே பிள்ளையை விட்டாள். பதினோராம் நம்பர் டோக்கனைப் பத்திரமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்கு ஓடினாள். மத்தியானம் பெங்களூரில் போன் அடித்தது.

"லவினாமா, பாப்பாவ தரமாட்டேங்குது இந்தப் பொண்ணு! டோக்கன் எங்கன்னு கேக்குது!"

கைப்பைக்குள் விரலில் பட்டது பித்தளை. "டீச்சர்கிட்ட போனக் குடுங்க மாமா... டீச்சர், அவரு எங்க மாமாதாங்க!"

"போன்ல யாரு வேணா பேசலாம்மா."

பின்னால் சிரில் கத்துவது கேட்டது. "உங்கப்பனும் நானும் ஒரே ஷிப்ட்டு! என்னத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் மாமா. டோக்கன் இல்லாம உங்கள கேஜ்ல ஏத்துனாங்களா?"

சிரில் போனை வாங்கி, "நா படியிலயே குந்திகினு இருக்கேன், நீ டோக்கன எடுத்துகினு வாமா" என்றார்.

லவினா வேலையைப் பாதியில் விட்டு ரயில் ஏறினாள். பங்காருபேட்டையில் இறங்கும்வரை பிள்ளை அழுதிருக்குமோ, இந்த டீச்சரை நம்பியதே தப்போ என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது மணி ஐந்து. சிரில் வாசற்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே பாயில் ஷெரின் தூங்கினாள். வாயோரம் ரசம்சோற்றுப் பருக்கை.

சண்டை போட வந்தவள் டோக்கனை நீட்டினாள். டீச்சர் அதைப் பதினோராம் ஆணியில் மாட்டிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"பயந்துட்டியாமா?"

"உயிரே இல்ல டீச்சர்."

"எனக்கும் டெய்லி அப்படித்தான். பதினாலும் ஆணிக்கு வர்ற வரைக்கும்."

மறுநாளிலிருந்து பள்ளியில் விடுவதும் சிரில்தான். வேலைக்கு நடுவில் லவினா போன் செய்தாள்.

"மாமா, டோக்கன்?"

"சட்டப் பையில கீதுமா. ஊக்கு போட்டுகீறேன்."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டாள்.