ஓர்ப்படிக்கு உருவி வுட்ட எண்ணெ

எங்கையி அப்பல்லாம் மொறம் மாதிரி இருக்கும். "இவ களி உருட்டினா ஒரு உருண்டைய ஊரே துன்னலாம்"னு எங்க மாமியா கேலி பண்ணும். ஆனா கழுத்து புடிச்சிக்கிச்சுன்னா அதுவே எங்கிட்டதான் வந்து முதுவ காட்டும். "இன்னா அத்தே, களி உருட்டட்டா?"ன்னு கேப்பேன். "உருட்டுடி, உருட்டு"ன்னு சிரிக்கும்.

உருவி வுட யாரும் சொல்லிக் குடுக்கல. எங்காத்தா வூட்ல ஒரு கன்னுக்குட்டிக்கு தடவித் தடவி வந்த கையி. அந்தக் கன்னு இருக்குதே, நான் அடுப்பண்ட குந்திக்கினு இருந்தாலும் வந்து அக்குள்ள கழுத்த நொழைக்கும். ஒரு நாளு சட்டியோட சாமச் சோத்த கவுத்து வுட்டுச்சி. அடி எனக்குதான்! இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. சரி, அத வுடு.

எங்கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி, அவ கதைக்கு வர்றேன். மலை மேல நெல்லிவாசல் நாட்டுல எங்களுக்கு ஒரே வூடு, ஒரே அடுப்பு. சாமக் கதிரு அறுத்து முடிச்சதும் எங்கொழுந்தன் ஊரு ஆளுங்களோட மைசூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனான். பொங்கலுக்கு எல்லாரும் வந்துட்டாங்க. அவன் வரல. "வழியில வேற தோட்டத்துக்குப் போறேன்னு எறங்கினான், அப்பால பாக்கல"ன்னாங்க. எம்புருசன் போயி அங்க தேடிட்டு சும்மா வந்துச்சி.

அன்னிலேர்ந்து எங்க ஓர்ப்படிக்கு படபடப்பு. நெஞ்சுக்குள்ள ஒலக்க இடிக்கிற மாதிரி கீதும்பா. சோறு எறங்காது. பொழுது சாயற சொல்ல கீழேர்ந்து ஜீப்பு வரும். ஆரன் கேட்டா, கையில இருக்கிறத அப்டியே போட்டுட்டு ரோட்டு வளைவுக்கு ஓடுவா. எறங்குறவங்க மூஞ்சிய ஒண்ணொண்ணா பாத்துட்டு திரும்பி வருவா. திருப்பத்தூருக்கு இட்டுக்கினு போனோம். டாக்டரு குழாய வச்சிப் பாத்துட்டு, "ஒடம்புல ஒண்ணுமில்ல, மனச லேசா வச்சிக்கோ"ன்னாரு. மனச எங்க எறக்கி வெக்கிறதுன்னு சொல்லல.

அப்பதான் நான் ஆரமிச்சேன். இலுப்ப எண்ணெய லேசா காச்சி, கோணி மேல அவள குப்புறப் படுக்க வச்சி, பொடனிலேர்ந்து இடுப்பு வரிக்கும் உருவுவேன். மேலேர்ந்து கீழதான் போவணும், எதுத்து உருவினா பயம் தலைக்கு ஏறிடும்பாங்க. முதுவு அப்டியே முறுக்குன கயிறு. மெல்ல மெல்ல எளகும். கால் வெரல சொடுக்கு எடுக்கற சொல்ல கொட்டாவி வுடுவா. "அக்கா, இப்ப இடிக்கல"ம்பா. அவ்ளோ சந்தோசம் எனக்கு! ஆரன் கேக்குற வரிக்கும்தான். அப்பால மறுபடியும் கயிறு.

வருசம் திரும்பிச்சி. ஊரு பெரியவரு வந்தாரு, எங்க மாமியாளுக்கு அண்ணன் மொற. "இன்னும் எத்தினி நாளு? கருமாதி பண்ணிடுங்க. அந்தப் பொண்ணும் தாலிய எறக்கட்டும்"ன்னாரு.

எங்க மாமியா எண்ணெச் சட்டிய தூக்கிக்கினு வந்து அவரு முன்னால வச்சிச்சி. எங்கள்ல சாவு வுழுந்தா, கருமாதி முடியற வரிக்கும் அந்த வூட்ல யாரும் ஒடம்புல எண்ணெ தொடக்கூடாது.

"பாருண்ணா. எம்மருமவ முதுவுல தெனம் எண்ணெ கீது. எம்புள்ள உசுரோட கீறான். எந்திரிச்சிப் போ."

அதுலேர்ந்து தெனம் எங்க மாமியாவே எண்ணெய காச்சிக் குடுக்கும். படபடப்புக்கு வச்ச எண்ணெ, புள்ள உசுருக்கு வச்ச எண்ணெயா ஆயிடுச்சி. மழ நாள்ல நான் சோம்பலா படுத்தா, "எழுந்திருடி, கைய நனைடி"ன்னு ஒதைக்காத கொற.

ஒரு நாளு ஓர்ப்படி வந்து எப்பவும் போல கோணியில படுத்தா. நான் சட்டில கைய வுட்டேன்.

"அக்கா, எண்ணெ வேணாம்."

"இன்னாடி, சூடா கீதா?"

"வேணாங்கா. வெறுங்கையால உருவு."

சேதி எதுவும் வரல. யாரும் வந்து சொல்லல. எங்க மாமியா வாசக்கால்ல சாம பொடச்சிக்கினு இருந்துச்சி. மொறம் நின்னுடுச்சி. திட்டும்னு பாத்தேன். மெல்ல எழுந்து வந்து, சட்டிய எடுத்துக்கினு உள்ள போயிடுச்சி.

வெறுங்கையி தோல்ல இழுத்துக்கினு இழுத்துக்கினு போச்சி. ஆனா கயிறு இல்ல. எங்கயும் முறுக்கு இல்ல. தோளு, இடுப்பு, காலு எல்லாம் ஊறப்போட்ட துணி மாதிரி கெடந்துச்சி. முதுவுல காத வச்சிப் பாத்தேன். நெஞ்சு மெதுவா அடிச்சிக்கினு இருந்துச்சி.

வளைவுல ஜீப்புக்காரன் ஆரன் அடிச்சான்.

அவ எழுந்திருக்கல.