காய்ச்சல் விட்ட வியாழக்கிழமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நான் அசந்துவிட்டேன். சொன்னது தப்பில்லை, அசந்ததுதான் தப்பு. என் கணவரின் உயிர் கைநழுவப் பார்த்ததும், நான் கையேந்திக் கேட்ட துஆவுக்குப் பதில் வீட்டு வாசல் தேடி வந்ததும் அதே நாளில்தான். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் மும்தாஜ். எங்களுக்குச் சாத்தூர். என் கணவர் காதர் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி கொடுக்கும் வியாபாரம் செய்கிறார். போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சீசன் முற்றிய நேரம். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, இடுப்பு முறிகிறது என்றார். செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்று சொல்லிவிட்டார்.

என் கணவர் சிரித்தார். ஆமாம், சிரித்தார். ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு டெங்கு வந்து, ஐந்தே நாளில் எழுந்து லோடு ஏற்றப் போனவர் அவர். அன்றிலிருந்து தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவர்தான் வைத்தியர். "நிலவேம்பு குடிங்க, பப்பாளி இலையை அரைங்க. எனக்கு வந்துட்டுப் போயிருச்சு, இனி வந்தாலும் என்னைய ஒண்ணும் செய்யாது" என்பார். அம்மை மாதிரி, ஒரு தடவை வந்தால் உடம்பு பழகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன்.

டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கா பாய்?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார் இவர், என்னைப் பார்க்காமலேயே.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீக?"

"வந்திருக்குன்னு சொன்னா பெட்டுல படுக்கப் போட்டுருவாக. அப்புறம் ஆர்டரை யாரு பார்க்கிறது? நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். அந்த மௌனத்துக்கு இன்று வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் விட்டாலும் வியாழக்கிழமை மறுபடி வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் சுத்தமாக இல்லை. நான் அப்படியே மறுபடி நெற்றியைத் தரையில் வைத்து நன்றி சொன்னேன். அவர் வெந்நீரில் குளித்தார். நாலு இட்லி சாப்பிட்டார். "பாத்தியா, அதே மாதிரிதான். அஞ்சாம் நாள் ஆளு ரெடி" என்று சட்டையை மாட்டினார். ரத்தம் பார்க்கப் போக வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்துவிட்டோம்.

பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். பதினொன்றுக்கு இன்னொரு தடவை. வயிறு வலிக்கிறது என்றார். "இட்லி சேரலை" என்று அவரே காரணமும் சொன்னார். படுத்தார், உட்கார்ந்தார், திரும்பப் படுத்தார். ஒரு நிலையில் இருக்க முடியவில்லை. மனிதர் என்னவோ மாதிரி இருந்தார். ஆனால் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாதவரை எந்த நோய்க்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது? கேட்டால் திட்டுகிறார். எனக்கு எது பயம், எது வீண் பயம் என்று தெரியவில்லை.

மதியம் லுஹர் தொழுகை நேரம் வந்தது. தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அழுகைதான் வந்தது. நோயைக் குணமாக்கு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. "யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தரை என்னிடம் அனுப்பு" என்று மட்டும் கேட்டேன். இவ்வளவுதான் என் துஆ.

முஸல்லா விரிப்பை மடித்து வைப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"பாயம்மா! பாயம்மா, இருக்கீகளா?"

மாரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தாயில்பட்டிக்காரி. எங்களிடம் அட்டை வாங்கிப்போய் வீட்டிலேயே பெட்டி ஒட்டித் தருபவள். எப்போதும் சனிக்கிழமைதான் வருவாள். எட்டு வருடமாக அப்படித்தான். அன்று வியாழக்கிழமை.

"பசை தீந்து போச்சு பாயம்மா. அதான் ஒட்டுன வரைக்கும் கட்டிக் கொண்டாந்துட்டேன். பாய் எங்க?"

"உள்ள படுத்திருக்காக. டெங்கு. இன்னிக்குத்தான் காய்ச்சல் விட்டுச்சு."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எட்டு வருடத்தில் வாசற்படி தாண்டி வராதவள், பெட்டிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நேரே உள்ளே போனாள். என் கணவரின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கை ஏன்க்கா இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு? ஒண்ணுக்குப் போனாகளா?"

யோசித்தேன். காலையிலிருந்து போகவே இல்லை.

"மின்ன எப்பவாச்சும் டெங்கு வந்திருக்கா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சு."

"அப்ப கெளம்புங்க" என்றாள். "என் தம்பிக்கு இப்படித்தான்க்கா. ரெண்டாந் தடவை வந்துச்சு. காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டுக் கறி எடுத்து ஆக்கிப் போட்டோம். அன்னிக்கே போயிட்டான். காய்ச்சல் விடுற அன்னிக்குத்தான் கவனிக்கணும்னு பொறவுதான் ஆஸ்பத்திரியில சொன்னாக. யாரும் எங்களுக்கு மின்னாடி சொல்லலையே. நான் உங்களுக்குச் சொல்றேன், கெளம்புங்க!"

என் கொழுந்தன் ரபீக் லோடு வண்டியை வாசலில்தான் நிறுத்தியிருந்தான். என் கணவருக்கு அந்த நிலைமையிலும் வாய் ஓயவில்லை. "ஏலே ரபீக்கு, பெட்டியை ஏத்தச் சொன்னா என்னைய ஏத்துறியேலே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நிற்க முயன்று, அப்படியே சரிந்தார். மாரியம்மாளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். வண்டி விருதுநகர் ரோட்டில் பறந்தது. நான் ஓதிக்கொண்டே வந்தேன். அவள் அவருடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார். அடுத்த நிமிடம் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். "முன்னாடி ஒரு தடவை டெங்கு வந்திருக்கு டாக்டர். மறைச்சுட்டோம்."

"இப்பச் சொன்னீங்கல்ல, அது போதும்" என்றார் அவர்.

டிரிப்ஸ் ஏறத் தொடங்கிய பிறகு, வெளியே வந்து எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

"டெங்குக் கிருமி ஒண்ணு இல்லம்மா, நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்துட்டுப் போனா அந்த வகை திரும்ப வராது. ஆனா மத்த மூணும் வரலாம். வேற வகை வரும்போதுதான் ஆபத்து கூடுது. பழைய வகையோட சண்டை போட்ட எதிர்ப்புச் சக்தி, புதுசா வந்ததையும் ஓடிப்போய்ப் பிடிக்குது. ஆனா அதை அடக்கத் தெம்பு இல்ல. பிடிச்ச கையோட அதை நம்ம உடம்பு அணுக்குள்ளேயே கூட்டிட்டுப் போயிருது. உள்ள போன கிருமி பல மடங்கு பெருகுது."

"இவுகளுக்கு வந்தது எந்த வகை டாக்டர்?"

"அதைப் பெரிய லேப்லதான் பார்க்கணும். சில வகை இயல்பாவே கொஞ்சம் முரடு. எந்த வகைன்னு தெரியாட்டியும், இது ரெண்டாவது தடவைன்னு தெரிஞ்சதே எங்களுக்குப் பெரிய உதவி. காய்ச்சல் குறையிற நேரத்துலதான் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியும். ரத்தம் கெட்டியாகும், கை கால் சில்லுன்னு போகும். இவருக்கு அதுதான் ஆரம்பிச்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்ல. ஆனா ஆகுறவங்களுக்கு நேரம் ரொம்ப முக்கியம். நீங்க நேரத்துக்கு வந்திருக்கீங்க."

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் தோளில் கை போட்டேன். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். டிரிப்ஸைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். அதிகமாகப் போனாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்தாம். நர்ஸ் ஒரு அளவுக் குடுவையைக் கொடுத்து, சிறுநீர் எவ்வளவு போகிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அந்தக் குடுவை சாயங்காலம் வரை காலியாகவே இருந்தது. நான் அஸர் தொழுதேன். மாரியம்மாள் மரத்தடியில் நின்று அவளுடைய சாமியைக் கும்பிட்டாள். கொடுப்பவன் ஒருவன்தான் என்று எனக்குத் தெரியும். அவன் யார் கண்ணீரையும் தள்ளிவிடுவதில்லை.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன்னால் என் கணவர் குடுவையைக் கேட்டார். நிறைந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மூத்திரக் குடுவையைப் பார்த்துப் பெருநாள் பிறை கண்டது மாதிரிச் சந்தோஷப்பட்ட பெண் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். நர்ஸ் சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை விட இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை அவருக்குப் பசித்தது. கால் முழுக்கச் சிவந்து அரித்தது. அது குணமாகும் அடையாளம் என்று டாக்டர் சொன்னதும், அரிப்புக்கும் நன்றி சொன்னோம். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் துஆ கேட்டது ஒரு மணிக்கு. மாரியம்மாள் தாயில்பட்டியில் பஸ் ஏறியது அதற்கும் வெகுநேரம் முன்னால். அதாவது, நான் கேட்பதற்கு முன்பே அவன் அனுப்பிவிட்டான்! ஒரு வீட்டில் பசை தீர்ந்துபோகிற சின்ன விஷயத்துக்குள் இவ்வளவு கருணையை வைக்க அவனால் முடியும். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

எங்கள் வாழ்க்கை மாறிவிட்டது. என் கணவர் தெருவைக் கூட்டி வைத்து, தான் டாக்டரிடம் சொன்ன பொய்யைத் தானே சொன்னார். அது அவருக்குச் சுலபமில்லை. பட்டாசு ரூம் வாசல்களில் தீயணைக்க டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் வைத்திருப்பார்கள் அல்லவா? அந்தத் தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்புகிற, பகலில் கடிக்கிற கொசு முட்டையிடுகிறது. இப்போது இவர் பெட்டி இறக்கப் போகிற இடமெல்லாம் முதலில் டிரம்மைத்தான் எட்டிப் பார்க்கிறார். புழு நெளிந்தால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மூடும் வரை பெட்டியை இறக்க மாட்டார். "தொட்டி பாய் வந்துட்டாரு" என்று வேலைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

மாரியம்மாள் இப்போது வாசலில் நிற்பதில்லை. போன பெருநாளுக்கு என் அடுப்படியில் நின்று, "பிரியாணிக்கு உப்புப் பத்தலைக்கா" என்று சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

என் சகோதர சகோதரிகளே, நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முன்பு டெங்கு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் நன்றி சொல்லுங்கள்; ஆனால் அசந்துவிடாதீர்கள். வயிற்று வலி, வாந்தி, சில்லிட்ட கை என்று எதைப் பார்த்தாலும் அவனிடம் கேளுங்கள், தெரியாது என்று ஒத்துக்கொண்டே கேளுங்கள். கேட்டு முடித்துக் கையை இறக்கியதும், அதே கையால் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அவன் உங்களுக்கு முன்னால் அங்கே இருப்பான்.