இடுப்பளவுத் தண்ணீரில் பதினெட்டு மில்லிமீட்டர்

காலை 5 மணி. சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய். என் பையில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, மூன்று லென்ஸ். முதலாவது தூரத்தைக் கிட்டே இழுக்கும் எழுபது-இருநூறு ஜூம். ஒன்றரைக் கிலோ, என் சொத்தில் பாதி. இரண்டாவது ஐம்பது மில்லிமீட்டர். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் எனக்குச் சோறு போடுவது அதுதான். மூன்றாவது கேமராப் பெட்டியோடு சும்மா வந்த பதினெட்டு-ஐம்பத்தைந்து. பிளாஸ்டிக் உடம்பு, தொழில்காரர்கள் வெளியே எடுக்கவே கூச்சப்படுவார்கள். பையில் ஒரு பள்ளம் காலியாக இருந்ததே என்று அதையும் செருகியிருந்தேன்.

பொன்னேரியில் டியூஷன் எடுக்கும் தோழி மல்லிகாதான் அழைத்திருந்தாள். பழவேற்காடு ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மீனவர் அட்டை இருந்தால்தான் மழைக்கால நிவாரணம். மனு கொடுத்தால் படிவத்தில் படகு எண், வலை வகை என்று இரண்டு கட்டங்கள். இரண்டுமே இவர்களிடம் கிடையாது. அன்று மதியம் மூன்று மணிக்குப் பொன்னேரி மீன்வளத் துறை அலுவலகத்தில் தேசம்மா என்பவரை வரச் சொல்லியிருந்தார்கள். கையோடு ஒரு வீடியோ இருந்தால் பேச்சு எடுபடும் என்பது மல்லிகாவின் கணக்கு. அவருக்கு அட்டை கிடைத்தால் பின்னாலேயே பதினோரு பேர் மனுவோடு காத்திருக்கிறார்கள்.

6.30 மணி, பேருந்து. பெண்ணான எனக்குச் சீட்டு இலவசம். பையைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தால் அதற்கு லக்கேஜ் போடுவேன் என்றார் நடத்துநர். இருபது கிலோமீட்டரும் மடியிலேயே சுமந்தேன்.

7.15, பழவேற்காடு. கரையில் தேசம்மா தயாராக நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தார். கையில் பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அதற்குப் பறி என்று பெயர். மல்லிகா சொன்ன ஆள் நான்தானா என்று கேட்டார், டீ குடித்தேனா என்று கேட்டார். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் கை தரைக்கு எட்டாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கூட இன்னும் நான்கு பெண்கள்.

நான் கரையிலேயே நின்றேன். உப்புத் தண்ணீரும் கேமராவும் எலியும் பூனையும் மாதிரி. முக்காலியை ஊன்றி, எழுபது-இருநூறைப் பூட்டி, எண்பதடி தூரத்தில் இருந்த தேசம்மாவைக் கேமராச் சட்டத்துக்குள் இழுத்தேன். பின்னால் தண்ணீர் முழுக்கப் பொன்னாய்க் கரைந்து ஓடியது. அரை மணி நேரம் எடுத்தேன். என் கையையே நான் மெச்சிக்கொண்டேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

8 மணி. பறியைக் காலி செய்யக் கரைக்கு வந்த தேசம்மாவிடம் கேமராத் திரையைக் காட்டினேன். கண்களைச் சுருக்கி முழுக்கப் பார்த்தார்.

"அழகா கீதுமா. ஆனா ஏரி எங்க?"

திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"இத்த பாத்தா நாங்க குளிக்கப் போனோம்னுதான் சொல்லுவாங்க. கையில இன்னா பண்றேன்னே தெரில."

உண்மை. தண்ணீருக்கு மேலே தலையும் தோளும் மட்டும். லென்ஸ் ஏரியை மென்று விழுங்கிவிட்டது. ஈரப் புடவையில் நிற்கும் பெண்களைத் தூரத்தில் இருந்து ஒளிந்து பார்த்தது போலவும் இருந்தது. அதைப் பார்க்க எனக்கே கூசியது. ஐம்பதைப் போடலாமா என்று ஒரு சபலம். அதைப் போட்டாலும் முகம்தான் அழகாக வரும், பின்னணி மறுபடி குழைந்துவிடும். பன்னிரண்டு வருடக் கல்யாணப் புத்தி. மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளை மறைத்து மறைத்தே பழகிய கண். இங்கே மறைக்கவே கூடாது. தண்ணீர், எதிரே தெரியும் தீவு, கை, இறால் எல்லாம் ஒரே சட்டத்தில், ஒரே மூச்சில் வர வேண்டும்.

யாரும் மதிக்காத அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்தேன். காற்றில் உப்பு. தேசம்மா முந்தானையை விரித்துப் பிடிக்க, அந்த மறைவில் லென்ஸை மாற்றினேன். வெயிலைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி பெரிய லென்ஸின் வாய்க்குத்தான் பொருந்தும். வேறு வழியில்லாமல் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் இருபத்திரண்டு வரை சுருக்கினேன். அதுவே நல்லதாய்ப் போயிற்று. இரண்டடி தூரத்துக் கையும் அடிவானமும் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரிந்தன. ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டு, கேமரா வாரைக் கழுத்தோடு சுருக்கி, தண்ணீரில் இறங்கினேன்.

பயந்தேன். விழுந்தால் அடுத்த வாரக் கல்யாணம் கேமராவோடு போயிற்று.

"காலத் தூக்காத, இழுத்து இழுத்து வை. திருக்கை மீனு கெடக்கும், முள்ளு குத்திடும்," என்றார் தேசம்மா. பிறகு பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் கூடை வாயில்தான் தொங்க வேண்டும். தண்ணீருக்குள் இவர்கள் பேசிக்கொள்வதே இல்லை.

எல்லாவற்றையும் அகலமாகக் காட்டும் பதினெட்டில் வைத்து, அவர் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். தூர லென்ஸில் என் மூச்சே படத்தை உலுக்கும். இதில் அலை என்னை ஆட்டியும் படம் பெரிதாக ஆடவில்லை. தேசம்மா கழுத்தளவுக்குக் குனிந்தார். இரண்டு கைகளும் சேற்றில் துழாவின. தண்ணீர் கலங்கியது. வலது கை மேலே வந்தபோது விரலிடுக்கில் ஓர் இறால் துடித்தது. பறிக்குள் போட்டார், மறுபடி குனிந்தார். பின்னால் பசியாவரம் தீவின் வீடுகள், ஒதுங்கி நின்ற படகுகள், மற்ற நான்கு பெண்களின் தலைகள். வெட்டாமல் நான்கு நிமிடம் ஓடியது. பதினேழு இறால். நான் நிறுத்தும்போது தண்ணீர் என் நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

கரையில் மறுபடி திரையைக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்று அவர் இம்முறை சொல்லவில்லை. ஐந்து பெண்களும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். யாருக்கு எத்தனை இறால் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் வாங்கியதில்லை.

1 மணி. பொன்னேரிப் பேருந்தில் தேசம்மா சன்னலோரம் உட்கார்ந்து மனுவை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டே வந்தார். போன தடவை அலுவலகத்தில், படகும் இல்லாமல் வலையும் இல்லாமல் எப்படி மீனவர் என்று எழுதுவது எனக் கேட்டார்களாம். அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை, தனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்றார். ஏரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எத்தனை மண்டபங்களில் சமைப்பவர், பரிமாறுபவர் என்று எத்தனை பேருடைய உழைப்பைப் பின்னணியில் மங்கலாக்கி ஓரம் தள்ளியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அந்த வீடியோக்களைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இருக்குமா தெரியவில்லை.

3 மணி. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர். போனுக்கு மாற்றி வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். நான்கு நிமிடத்தையும் பார்த்தார். தள்ளிவிடவில்லை. தீவைக் காட்டி, இது பசியாவரம்தானே என்றார். முதல் இறால் மேலே வரும் இடத்தை மட்டும் திரும்ப ஓட்டினார். மேலே அனுப்புகிறேன், அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை இழுத்தார். படகு எண் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். வலை வகைக்கு வந்ததும் பேனா நின்றது. சற்று யோசித்து ஏதோ எழுதினார்.

தேசம்மா என் முழங்கையைத் தொட்டு, இன்னா எழுதினாரு என்று கேட்டார். எட்டிப் பார்த்து, "கை" என்று எழுதியிருக்கிறார் என்றேன்.

அவர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு எழுத்தரிடம் நிதானமாகச் சொன்னார்:

"ரெண்டு கைனு எழுதுங்க சார்."