செய்திக்காரம்மாவின் சேலை

திருகியைத் திருப்பியதும் முதலில் வருவது வாசனைதான். தூசியும் மரமும் சேர்ந்து மெல்லச் சூடேறும் வாசனை. அதற்குப் பிறகு, அவசரமே இல்லாமல் படம் வரும். அதுவரை நானும் அம்மாவும் மடிப்புக் கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களைப் போல அந்தச் சாம்பல் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். எண்பதுகளில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்த கருப்பு வெள்ளை டிவி அது.

சாயங்காலம் செய்தி வாசிக்க ஒரு பெண்மணி வருவார். எங்கள் வீட்டில் அவருக்குச் "செய்திக்காரம்மா" என்று பெயர். நாட்டில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு முக்கியமில்லை. அவர் கட்டியிருக்கும் சேலை என்ன நிறம் என்பதுதான் அன்றாட வழக்கு. நான் கிளிப்பச்சை என்றால் அம்மா கத்திரிப்பூ என்பாள். "பச்சைக்கு இந்தக் கரை வெப்பாங்களா கண்ணு? கண்ணத் தொறந்து பாரு" என்று மல்லுக்கு நிற்பாள். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததால் இருவருமே தினமும் ஜெயித்தோம். பகலெல்லாம் எருமையோடும் பருத்தியோடும் மட்டுமே பேசிய அம்மா, அந்தச் சற்று நேரம் என் வயதுக்கு இறங்கி வந்து சண்டை போட்டாள். அந்தச் சேலைகள் கனவிலும் வரும். எங்கள் கிணற்றுமேட்டில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும், எந்தக் கடையிலும் கிடைக்காத நிறங்களில்.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே லோடு இறக்கப் போன இடத்தில் கலர் டிவியைப் பார்த்துவிட்டு வந்து, "அதுல நெருப்பு, நெருப்பாட்டமே இருக்குது" என்றார்.

"இதுல மட்டும் தண்ணியாட்டமா இருக்குது? நல்லாத்தானுங்க ஓடுது" என்றாள் அம்மா.

எனக்குக் கவலை வேறு. கலர் வந்தால் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு வந்தால் அம்மா எழுந்து போய்விடுவாள். கலர் டிவி வரப்போகிறதென்று பயந்து சோறு இறங்காமல் கிடந்த பையன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாடியேறி ஆண்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போராடலாமா என்றுகூட யோசித்தேன். ஏணியைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

லாரி வாங்குவதென்றாலும் போர்வெல் போடுவதென்றாலும் எங்கள் பக்கத்தில் கோயிலில் "பூக்கேட்பது" வழக்கம். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. டிவிக்கும் அப்பா பூக்கேட்டார். எடுக்க வேண்டிய குழந்தை நானேதான்.

"ஒண்ண எடு சாமி" என்றார் பூசாரி. எடுத்த அவசரத்தில் பொட்டலம் ஒருமுறை கீழே விழுந்தது. பிரித்தார்கள். செவ்வரளி. எனக்கு உயிர் திரும்பியது.

அப்பா அரளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கேட்டதுல தப்புங்க. பழசக் குடுத்தரலாமான்னு கேட்டுப்போட்டோம். புதுசு வாங்கலாமான்னுல்ல கேக்கோணும்?"

பூசாரிக்கும் அது நியாயமாகவே பட்டது. மறுபடி மடித்தார்கள், மறுபடி எடுத்தேன். இந்த முறை, மல்லிகை.

கலர் வந்த முதல் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். செய்திக்காரம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கருப்புக் கரை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மறுநாள் அவர் பச்சையில் வந்தார். "பச்சைதான்" என்றாள் அம்மா. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு எல்லா நாளும் செய்தியை அங்கிருந்தே காதால் கேட்டாள்.

இப்போது என் மகன், சுவர் அளவுக்கு ஒரு டிவி வாங்கலாம் என்கிறான். கோடிக்கணக்கில் நிறம் காட்டுமாம். யாரும் பூக்கேட்பதில்லை, போனில் ஊரார் எழுதியதைப் படித்து முடிவு செய்கிறார்கள். எனக்கு மட்டும் ஐம்பது தாண்டியும் அதே பயம். நேற்றுச் சாயங்காலம் ரிமோட்டைக் குடைந்து நிறத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வெங்காயமும் அரிவாள்மனையுமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, டிவி போயிருச்சுங்களா?"

"அது கெடக்குது. செய்தி வாசிக்கற அந்தப் பொண்ணு கட்டியிருக்கற சேல என்ன கலருன்னு சொல்லு பாக்கலாம். நான் கிளிப்பச்சைங்கறேன்."

கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அரிவாள்மனையைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கரைக்குப் பச்சையா? அரக்குங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த மரப்பெட்டி இல்லை, அம்மாவும் இல்லை. செய்தி முடியும்வரை சண்டை போட்டோம். ரிமோட் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.