சரோஜாவின் ஆள்காட்டி விரல்

1. செவ்வாய்க்கிழமை போன்

காலை ஒன்பது மணிக்கு சரோஜா போன் பண்ணினாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, என் கையைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்புல போட்டது ஆரு?"

அவள் சந்தோஷப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். "நல்லா வந்திருக்குல்ல?" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நல்லா வந்திருக்கா? என் தம்பி பொண்டாட்டி போன் வரைக்கும் வந்தாச்சு. வித்துரா பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரு என் கையை உத்து உத்துப் பாத்துட்டுப் போறாங்க. இத்தனை வருஷமா முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நடந்த விரலாக்கும் அது. உங்ககிட்ட ஆரு கேட்டா?"

போனை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சிற்பக் கமிட்டியின் கடைசி மீட்டிங். நடுவில் மூன்று நாள்.

2. ஒன்பது கைகள்

நான் செல்வி. கலைக் கல்லூரியின் சிற்பப் பிரிவில் காஸ்டிங் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அச்சு எடுப்பது, பிளாஸ்டர் ஊற்றுவது, உடைந்ததை ஒட்டுவது என் வேலை. இந்தத் தொழிலுக்கு இப்போது பெண்பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், கலவைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறார்கள். அதைப் பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறான். பாக்கெட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு வளாகம், பெயர் வேண்டாம். பெண்கள் சமத்துவத்துக்காகப் போராடியதை மதித்து அங்கே ஒரு சிற்பம் வைக்கலாம் என்று யோசனை வந்தது. டிசைன் வினோத் சாருடையது. உயரமான ஒரு சுவர், அதிலிருந்து ஒன்பது பெண்களின் வலது கைகள் வெளியே நீளும். எல்லாம் அந்த வளாகத்திலேயே வேலை பார்த்த பெண்களின் நிஜக் கைகள். முதலில் பிளாஸ்டரில் மாடல், கமிட்டி சரி என்றால் பிறகு வெண்கலம். மாடலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

கைக்கு அச்சு எடுக்க, பல் டாக்டர்கள் வாயில் வைத்து அளவு எடுக்கும் அல்ஜினேட் பவுடரைக் கரைத்து வாளியில் ஊற்றுவோம். கையை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் அசையக் கூடாது. இறுகியதும் கையை உருவிவிட்டு, அந்தக் குழியில் பிளாஸ்டரை ஊற்றுவோம். பிறகு அச்சைக் கிழித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே கைதான், இன்னொரு காப்பி கிடையாது.

ஒன்பது பேரில் ஒருத்தியான சரோஜா இடது கையை நீட்டினாள். "இது போதாதா அக்கா?"

"எல்லாரோடதும் வலதுதான். நீட்டு" என்றேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வலது கையில் ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு நின்றுபோயிருந்தது. கை வாளிக்குள் இருந்த ஐந்து நிமிடத்தில் அவளே கதையைச் சொன்னாள். பொன்முடி போகும் வழியில் எஸ்டேட்டில் பிறந்தவள், வளாகத்து அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டிங் மெஷின் ஆப்பரேட்டர் வேலை ஆண்களுக்கு மட்டும். பெண்கள் தாளை அடுக்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஆப்பரேட்டர் டீ குடிக்கப் போனால் மெஷினை ஓட்டுவது பெண்கள்தான். அப்படி ஒருநாள் விரல் போயிற்று. "உன் வேலை இல்லாத மெஷினை நீ ஏன் தொட்டாய்?" என்று ஆபீஸிலிருந்து அவளுக்கே மெமோ வந்தது. அதற்குப் பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்து சமரம், அதாவது ஸ்ட்ரைக், பண்ணினார்கள். ஓட்டுவது நாங்கள் என்றால் போஸ்ட்டும் எங்களுக்கு வேண்டும் என்று போர்டிகோவில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது. முதல் பெண் ஆப்பரேட்டர் சரோஜா.

3. என் வீரப் பேச்சு

முதல் மீட்டிங்கில் கமிட்டித் தலைவி மேடம் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தார். மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இந்த விரலைக் கொஞ்சம் நிரப்பிடலாமே? பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

எனக்கு வாய் நீளம். "நிரப்பறதுக்கு இது என்ன சுவத்துல விழுந்த ஓட்டையா மேடம்?" என்று ஆரம்பித்துவிட்டேன். மெஷின், மெமோ, சமரம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த விரலை மூடினால் அன்றைக்கு மெமோ கொடுத்த ஆபீஸுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கையைச் சுவரின் நடுவில் வைக்க அங்கேயே முடிவாயிற்று. போட்டோவும் எடுத்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் பெண்தானே, ஒரு பெண்ணின் கஷ்டம் எனக்குத் தெரியாதா என்ற திமிர் தலைக்கு ஏறியிருந்தது.

அந்தப் போட்டோதான் வாட்ஸ்ஆப்பில் சுற்றியது.

4. வித்துரா

போன் வந்த அன்றே தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் ஏறி, பொன்முடி அடிவாரத்தில் இருக்கும் வித்துரா போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். சரோஜா அங்கே தம்பி வீட்டில் இருக்கிறாள். வாங்க என்று கூப்பிட்டு, பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். எல்லாம் இடது கையால்.

"எனக்கு விரல் வேணும்" என்றாள்.

"சரோஜா, கமிட்டி சரின்னு சொன்னதே அந்த விரலுக்காகத்தான். இப்போ மாத்தினா மொத்தத்தையும் வேண்டாம்னு சொல்லிருவாங்க. மத்த எட்டுப் பேரு கையும் போயிரும்."

"அப்போ என் கையை எடுத்துருங்க. நான் கேட்டேனா, நடுவுல வைக்கச் சொல்லி?"

மன்னித்துக்கொள் என்றேன். அவள் என் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

திரும்பும் வழியில் வினோத் சாருக்குப் போன் பண்ணினேன். "சேச்சி, ரெண்டு வருஷமா இந்த ஃபைலுக்குப் பின்னால அலையறேன். உங்க காலைப் பிடிக்கிறேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கையைத் தொடாதீங்க" என்றார். அந்த மனுஷன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொட்டால் ஒன்பது பேருக்கும் கை போகும், தொடாவிட்டால் இவள் ஆயுள் முழுக்க மறைத்ததை நான் வெண்கலத்தில் நிறுத்திவைப்பேன்.

புதன்கிழமை காலை சரோஜாவுக்குப் போன் பண்ணி, "விரல் வைக்கிறேன், புறப்பட்டு வா" என்றேன்.

5. விரல்

சாலைக்கடை பஜாரில் பித்தளைக் கம்பி வாங்கினேன். இரும்புக் கம்பி போட்டால் துரு பிளாஸ்டருக்கு வெளியே கறையாகத் தெரியும். மாடல் இருந்த அறைக்குப் போய், மொண்ணை விரலில் துளை போட்டுக் கம்பியைச் செருகினேன். அளவுக்கு அவளுடைய இடது ஆள்காட்டி விரலை அருகில் வைத்துக்கொண்டேன். இடதைப் பார்த்து வலது செய்வது லேசு இல்லை, சாய்வெல்லாம் மாறிப்போகும்.

பழைய பிளாஸ்டரை நன்றாக நனைக்காமல் புதுப் பிளாஸ்டரை வைத்தால் பழையது தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டு பிடிக்காது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவள், அவசரத்தில் நானே சரியாக நனைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அரம் வைத்ததும் விரல் கழன்று தரையில் விழுந்து நொறுங்கியது.

மறுபடியும் முதல் பஸ்ஸில் வந்திருந்த சரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவையும் போச்சா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். வெளியே மழை, எதுவும் உலராத வானிலை. மறுபடி நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இந்தத் தடவை பெரிய அரத்தை ஒதுக்கிவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நகம் இவ்வளவு நீளமா? மெஷின்ல நிக்கறவளுக்கு எதுக்கு நகம்? குறைங்க."

குறைத்தேன்.

"நுனி கொஞ்சம் நடுவிரல் பக்கமா சாயும்."

சாய்த்தேன். சாயங்காலம் முடிந்தது. அவள் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து அந்த விரலை அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தாள். "இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

6. வெள்ளிக்கிழமை

மாடலின் மேலிருந்த துணியை எடுத்ததும் மேடம் முன்னால் குனிந்தார். "யார் மாத்தினது?"

"நான்தான்" என்றேன். "கைக்குச் சொந்தக்காரி வெளியே நிக்கிறா. கூப்பிடட்டுமா?"

கமிட்டியில் ஒருவருக்கும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான் முதலில் தோன்றவில்லை. சரோஜா வந்தாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேடம் பொறுமையாகத்தான் பேசினார். "அந்த விரல்தானே அம்மா உங்க போராட்டம்? இப்போ இது எல்லாரோடதும் மாதிரி சாதாரணக் கை ஆயிட்டுதே."

"விரல் போனது சமரத்துல இல்ல மேடம்" என்றாள் சரோஜா. "அது போன அன்னைக்கு நாங்க ஜெயிக்கல. அழுதுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், திரும்பி வந்தா மெமோ. அதுக்கப்புறம் அந்த மெஷின்ல இருபத்திரண்டு வருஷம் நான் ஆப்பரேட்டர். ஒரு கீறல் விழுந்ததில்ல, எனக்கும் விழல, என்கிட்டப் படிச்ச பிள்ளைகளுக்கும் விழல. சாதாரணக் கைன்னு சொன்னீங்கல்ல? அதுக்குத்தான் சமரம் பண்ணினது."

மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே முடித்தாள். "நடுவுல வைக்கணும்னு இல்ல. ஓரத்துல வைங்க. முழுசா வைங்க."

வினோத் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் என்னிடம் திரும்பி, "மத்த எட்டுப் பேர்கிட்டே கேட்டீங்களா?" என்றார்.

"இல்லை மேடம்."

"நாங்களும் கேட்கல" என்று சொல்லி, மீட்டிங்கை ஒத்திவைத்தார்.

சிற்பம் இன்னும் வரவில்லை, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. வருமா என்ற பயம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அன்று மத்தியானமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரையும் தேடிப் போனேன். கேன்டீனில் சமைக்கும் ஆமினா, மணிக்கட்டில் எண்ணெய் கொட்டிய தழும்பைப் பிளாஸ்டரில் நான் தேய்த்து எடுத்திருந்ததைச் சொன்னதும் சண்டைக்கு வந்தாள், அது அப்படியே வேண்டுமாம். லைப்ரரி அட்டெண்டர் மோதிரத்தை எடுத்துவிடச் சொன்னார். ஒருத்தி மட்டும் தன் கை வேண்டவே வேண்டாம் என்றாள், அன்றைக்கு மறுத்துப் பேசப் பயந்து நீட்டினாளாம்.

அச்சு எடுக்கும் பிள்ளைகளே, வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். எட்டுப் பேரையும் கேட்டு முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அச்சு எடுத்தபோது, நாளுக்கு ஒருத்தியாக, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே நான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.